சீனத்தியும் தமிழச்சியும்

செம்பருத்தி வேலிக்கு மேலே ஒரு பீங்கான் கிண்ணம் தனியாக மிதந்து வருகிறது, ஏந்தும் கை தெரியாது, ஆள் அவ்வளவு குள்ளம், கிண்ணத்துக்கு முன்னால் குரல் வந்துவிடும், ஏய் தமிழச்சி, கஞ்சி ஆறுது, சீக்கிரம் வா லா, பேச்சுக்குப் பேச்சு மலாய் லா ஒட்டும் அந்தக் குரலுக்கு ஈப்போ மலைக்குகை வௌவால்கள் பட்டப்பகலில் சியாமுக்கே ஓடிவிடும், என் பெண்சாதி அஞ்சலை மட்டும் சளைத்தவளா, கத்தாத சீனத்தி, காது இருக்கு, என்று கத்தியே அடுத்த தெருத் தேங்காய்களை உதிர்ப்பாள், ரப்பர் எஸ்டேட்டின் பால்மரக் காட்டில் இருவரும் சிறுமிகளாக ஒரே வாளியில் தண்ணீர் குடித்த நாள் முதல் அதுதான் பெயர், எஸ்டேட்டை விட்டு வந்தும் அடுத்தடுத்த வீடாகவே பிடித்தார்கள், சியூ ஹுவா என்ற பெயரை அவளே மறந்திருப்பாள், பிறகு அஞ்சலை விழுந்தாள், பேச்சு போய்விட்டது, மூடிய கண் திறக்கவில்லை, பழகின குரல் கேட்டால் திறக்கலாம் என்கிறார் டாக்டர், லண்டனிலிருந்து வந்த மகள் தமயந்தியிடம், இரு, சீனத்தியைக் கூட்டிவருகிறேன் என்றேன், அப்பா, இனத்தச் சொல்லி ஆளக் கூப்பிடாதீங்க, அசிங்கமா இருக்கு, நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை, அங்க ஆபீஸ்ல என்னையும் அந்த இண்டியன்னுதான் சொல்றாங்கப்பா, பக்கத்து மேசைக்காரிகூட, எம் பேரு அவளுக்கு நல்லாத் தெரியும், ஊரையே வாயால் அளக்கும் நான் திரும்பிப் பார்த்தேன், வாசலில் நின்ற சீனத்தி எல்லாம் கேட்டுவிட்டாள், பெண் பார்க்க வந்தவளைப்போலக் கட்டில் நுனியில் உட்கார்ந்து, அஞ்சலை அம்மா, நல்லா இருக்கீங்களா, என்றாள், அத்தனை மரியாதையாக, அத்தனை மெதுவாக, தினமும் வந்தாள், தினமும் அஞ்சலை அம்மா, யாரோ விருந்தாளி என்று அஞ்சலை கிடந்தாள், கிடந்தபடியே போனாள்.

சவப்பெட்டியை மூடப் போகையில்தான் அது வெடித்தது, ஏய் தமிழச்சி, எழுந்திரு, என்னை விட்டுட்டு எங்க போற நீ, தேவாரம் பாடியவர் நிறுத்திவிட்டார், தமயந்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள், இன்னொரு தடவ கூப்பிடுங்க ஆன்ட்டி, அம்மாவுக்குக் கேட்டிருக்காது, கூப்பிட்டாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள், மலைகூட ஒரு முழம் நகர்ந்தது, அஞ்சலை நகரவில்லை.

மகள் ஊருக்குப் போய்விட்டாள், இது கனவா, விடிந்துவிட்டதா, வேலிக்கு மேலே கிண்ணம் மிதந்து வருகிறது, முன்னால் வரவேண்டிய குரலைக் காணோம், கிண்ணம் வேலியோரமாகவே முன்னும் பின்னும் போகிறது, கஞ்சி இலைகளில் சிந்துகிறது, என்னை எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை, இத்தனை காலம் நான் தமிழச்சி புருஷன், அவ்வளவுதான், செம்பருத்தியை விலக்கிக் கிண்ணத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன், கத்து சீனத்தி, என்கிறேன், காது இருக்கு.