புதுத் தரையில் மூட்டிய தீ

கடைசி பெஞ்சை வெளியே தூக்கும்போது ஹில்டாவும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் இருந்த மாணவி ஜூனிட்டா பெஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

“டீச்சர், நீங்க உக்காருங்க. இன்னைக்கு நீங்க எதையும் தூக்கக் கூடாது.”

“எங்க உக்கார்றது? அத்தனை பெஞ்சையும்தான் வெளிய போட்டாச்சே.”

சொன்ன பிறகுதான் அது வேடிக்கை பேசினமாதிரி ஆகிவிட்டது என்று ஹில்டாவுக்குத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் நெஸ்டர் ஒரு பாயைக் கொண்டுவந்து சுவரோரம் விரித்து, தோளைப் பிடித்து அவளை உட்காரவைத்தாள்.

அது ஹில்டாவின் வகுப்பறை. ஐந்தாம் படிவம், ஆங்கிலம். கணவன் கிளெமென்ட்டின் சவப்பெட்டி நியாயமாக வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டைச் சுற்றி போலீஸ் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. ஒரு குண்டு வெடித்த மண்ணில் இன்னொன்றும் இருக்கலாம் என்று, வெடிகுண்டுப் பிரிவு ஆட்கள் நேற்று மத்தியானத்திலிருந்து முற்றத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் சும்மா கிடப்பதால் தலைமையாசிரியர் சாவியைக் கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் சொந்தத் தீவு மலைட்டாவுக்குக் கப்பல். அதுவரை கிளெமென்ட் இங்கே இருப்பான்.

கரும்பலகையில் வெள்ளிக்கிழமை எழுதியது அழிக்கப்படாமல் இருந்தது. எதிரி, தியாகம், சரணடைதல், உறுதி, வெற்றி என்று இருபது வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள், கீழே ஒரு வாக்கியம். இந்தப் பருவம் முழுக்கப் போர்க்கால உரைகள்தான் பாடம். அந்தக் காலத்தில் எங்கோ குளிர்தேசத்தில் ஒரு பெரிய மனிதர் வானொலியில் தன் ஜனங்களுக்குப் பேசியதை, இந்தத் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவின் மேட்டுக்குடியிருப்புப் பிள்ளைகள் வரிவரியாகப் படிக்க வேண்டும். எந்த வார்த்தையை எத்தனை தடவை திருப்பிச் சொன்னால் கேட்கிறவன் நெஞ்சு நிமிரும் என்று கோடுபோட்டுக் குறிக்க வேண்டும். தேர்வில் பதினைந்து மதிப்பெண். அந்த யுத்தத்தின் கப்பல்கள் இந்தப் பிள்ளைகள் குளிக்கிற கடலுக்கடியில் கிடக்கின்றன. குண்டுகள் அவர்கள் கிழங்கு நடுகிற மண்ணுக்கடியில் கிடக்கின்றன. அதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை.

“விருந்துக்கு வந்தவனுங்க எச்சில் இலைய நம்ம முத்தத்துல போட்டுட்டுப் போய்ட்டானுங்க,” என்றாள் நெஸ்டர், பலகையைப் பார்த்துவிட்டு. “எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நாமதான் பெருக்கிக்கிட்டிருக்கோம்.”

பெட்டி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி லாரியில் வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லி அங்கேயே ஆணி அடித்துக் கொடுத்திருந்தார்கள். கூடவே பார்னபஸ் வந்தார். கிளெமென்ட்டின் அண்ணன், ஊர்க் கோயிலில் உபதேசியார், அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான். விடியற்காலைக் கப்பலில் வந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஹில்டாவின் தலையில் கைவைத்து ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பிறகு பெட்டியின் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாக்கைக் கடித்துச் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார்.

“நெஸ்டர், உள்ளத மறைக்காம சொல்லு. குடிச்சிருந்தானா?”

“எனக்குத் தெரியாதுண்ணே. நான் அங்க இல்ல.”

“சனிக்கிழமதானே. துறைமுகத்துல கூலி போட்ட மறுநாள். குடிக்காத எவனாச்சும் புதுத் தரைல தீ மூட்டுவானா? எங்க அப்பா எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, பழைய சாம்பலக் காட்டி, இங்கதான், இங்க மட்டுந்தான்னு சொல்லிக்குடுத்த விசயம் அது. நாளைக்கு ஊர்ல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல? குடிகாரன்னா, முட்டாள்னா?”

ஹோனியாராவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குண்டு மண்ணுக்குள் தூங்கும், எத்தனை காலமானாலும் தூங்கும். மேலே நெருப்பு எரிந்தால் விழித்துக்கொள்ளும். அதனால் ஏற்கனவே எரிந்த இடத்தில்தான் எரிப்பார்கள். கிளெமென்ட் இந்த விஷயத்தில் கிழவிகளைவிட மோசம். பதினோரு வருடமாக ஒரே குழி, அதே கற்கள். மழைத்தண்ணீர் தேங்கினாலும் இறைத்துவிட்டு அதிலேயேதான் கல்லைச் சுடவைத்து, கிழங்கை இலையில் சுற்றி வைத்து மூடுவான். ஹில்டாவுக்கு அவனிடம் பிடித்த குணங்களில் இந்தப் பயமும் ஒன்று.

நேற்று அவள் வராந்தாவில் திருத்த வேண்டிய நாற்பத்திரண்டு நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்புக்குக் கொடுத்திருந்த கேள்வி இது: ‘நீங்கள் ஒரு நாட்டின் தலைவர். யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. மக்களிடம் பேசுங்கள். பாடத்தில் வந்த பத்து வார்த்தைகளாவது வர வேண்டும்.’ பதினேழாவது நோட்டில் காற்று திரும்பியது. குழியின் புகை முழுக்க அவள் முகத்துக்கு வந்தது. கண் எரிந்து, சிவப்பு மை எழுத்தின்மேல் தண்ணீர் சொட்டியது.

“கிளெமென்ட், இந்தப் புகையை அந்தப் பக்கம் கொண்டு போயேன்.”

“புகைய எப்படிடீ கொண்டு போறது? சாக்குல கட்டியா?”

“அடுப்ப மாத்து. பப்பாளிப் பக்கம் போடு. காத்து அந்தப் பக்கம் போயிடும்.”

“அங்க எரிச்சதில்லையே.”

“ஆமா, உனக்காகக் காத்துக்கிட்டிருக்குது குண்டு. பதினோரு வருசமா அந்தப் பப்பாளிக்குக் குழி தோண்டல? உரம் போடல? எனக்கு நாளைக்குள்ள நோட்டு முடியணும், கிளெமென்ட்.”

அவன் மண்வெட்டியை எடுத்தான். பப்பாளி மரத்தடியில் போய் நின்று, மண்வெட்டியைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து, மோவாயை உயர்த்தி, அவள் வகுப்பில் படிக்கிற குரலிலேயே ஆரம்பித்தான். “என் அருமை மக்களே, புகை நம் வாசலுக்கு வந்துவிட்டது. நாம் சரணடைய மாட்டோம். கடைசி வள்ளிக்கிழங்கு வேகும்வரை போரிடுவோம்.” ஆறாவதோடு நின்றவன். அவள் வீட்டில் உரக்கப் படித்துத் தயார் செய்வதைக் கேட்டுக்கேட்டு அத்தனையும் மனப்பாடம். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்திருக்கலாம் என்று இப்போது நினைத்தாள்.

இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. போலீஸ்காரரும் எரிந்த இடம் புதுசா பழசா என்று மட்டும்தான் கேட்டார், புதுசு என்றாள். யார் சொல்லி மாற்றியது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கிளெமென்ட்டின் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. எவருடைய வார்த்தையால் ஒருவன் சாவுக்குப் போனானோ, அவர் அவன் பெட்டியோடு போகக் கூடாது. அவன் குலத்து நிலத்தில், அவர்களாக ஆள் அனுப்பி அழைக்கும்வரை, கால் வைக்கக் கூடாது. ஆள் வருவதற்குள் கிழடாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஹில்டா இசபெல் தீவுக்காரி, பிள்ளையும் இல்லை. அந்த மலைட்டாக் கிராமத்தில் இனி அவளுக்கு இருக்கப்போவது ஒரு குழிமேடு மட்டும்தான். அதைக்கூடப் பார்க்காமல் போய்விட வேண்டியதுதான். சொல்லாவிட்டால் அவள் கப்பல் ஏறலாம், ஒரு கை மண் போடலாம். கிளெமென்ட் குடிகாரனாகப் புதைக்கப்படுவான். குடித்ததே கிடையாது என்றில்லை. ஆனால் நேற்றுக் குடிக்கவில்லை.

மூன்று மணிக்கு பார்னபஸ் எழுந்து பெட்டியின் மூடியில் கையை வைத்தார்.

“தூக்குறதுக்கு முன்னாடி கேக்குறது நம்ம வழக்கம். இவனோட யாருக்காவது மனஸ்தாபம் இருந்தா, சொல்லாம விட்டது ஏதாவது இருந்தா, இப்பச் சொல்லிடுங்க. வயித்துல வச்சுக்கிட்டா அவனுக்குப் பாரம்.”

துறைமுகத்துக் கூட்டாளி ஒருவர், இவனிடம் வாங்கிய தூண்டில் நரம்பைத் திருப்பித் தரவில்லை என்று சொல்லி அழுதார். நெஸ்டர், போன கிறிஸ்துமஸுக்குப் பேசாமல் இருந்ததைச் சொன்னாள். ஹில்டா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பார்னபஸ் அவளைப் பார்த்தார், காத்திருந்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரி. டீச்சர் பிள்ளைங்க ஏதோ எழுதிட்டு வந்திருக்காங்களாம். அவங்க பேசட்டும்.”

ஜூனிட்டா முன்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் சீருடை போட்டிருந்தாள். ராத்திரி எட்டுப் பேர் கூடி எழுதிய உரை, ஆங்கிலத்தில். முதல் வாக்கியத்திலேயே ஹில்டாவுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, திருப்பிச் சொல்ல வேண்டியதை மூன்று தடவை திருப்பிச் சொல்லி, அவள் கற்றுக்கொடுத்தது அத்தனையையும் இந்தப் பெண் செய்துகொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்னபஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்லாப் பேசுதம்மா அந்தப் பொண்ணு. ஆனா இவங்களுக்குப் புரியல. எனக்கே பாதிதான். ஹில்டா, நீதான் இங்கிலீஷ் டீச்சர். வரி வரியா நம்ம பேச்சுல சொல்லு.”

ஹில்டா எழுந்து நின்றாள். ஜூனிட்டா ஒரு வரி படித்தாள், இவள் சொன்னாள்.

“இவர் துப்பாக்கி எடுக்கல. ஆனாலும் யுத்தத்துல விழுந்தாரு.”

பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

“நம்ம தாத்தாக்கள் கேக்காத யுத்தம். நம்ம அப்பாக்கள் கேக்காத யுத்தம். நாமளும் கேக்கல.”

ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். ஹில்டாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. வகுப்பு எடுக்கிற குரல்.

“இவரோட தியாகம் வீண் போகாது.”

ஜூனிட்டா அடுத்த வரியைப் படித்தாள். ஹில்டா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கேட்கவில்லையோ என்று ஜூனிட்டா அந்த வரியை மறுபடி படித்தாள்.

“என்ன சொல்லுது?” என்றார் பார்னபஸ்.

“அந்தத் தீயை...” ஹில்டா காகிதத்தை எட்டிப் பார்த்தாள். “அந்தத் தீயை நம்மில் யாரும் அங்கே மூட்டச் சொல்லல. யுத்தம்தான் மூட்டுச்சு. அப்படி எழுதியிருக்காங்க.”

“சரியாத்தானே இருக்கு.”

“இல்ல, அத்தான். நான்தான் மூட்டச் சொன்னேன்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

“நோட்டுத் திருத்திக்கிட்டிருந்தேன். புகை கண்ணுல பட்டுச்சு. அடுப்ப மாத்துன்னேன். அங்க எரிச்சதில்லையேன்னு அவரு சொன்னாரு. நான் கிண்டல் பண்ணேன். கிண்டல் பண்ணதாலதான் போனாரு. குடிக்கல அத்தான். காலைலேர்ந்து ஒரு இளநிதான் குடிச்சிருந்தாரு. அவரு பயந்தவருதான். எப்பவும்போலப் பயந்தாரு. நான்தான் கேக்கல.”

பார்னபஸ் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கீழே பார்த்தபடியே நின்றார். அவர் தாடை பாக்கு இல்லாமலே அசைந்தது.

“குடிக்கல.”

“இல்ல.”

“வேணாம்னு சொன்னான்.”

“சொன்னாரு.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை.

“நீ வர வேணாம், ஹில்டா. நாங்க ஆள் அனுப்புவோம்.”

“தெரியும், அத்தான்.”

“அண்ணே,” என்றாள் நெஸ்டர், “அவ பொண்டாட்டிண்ணே. பதினோரு வருசம் சோறு போட்டவ. இந்த ஒரு தடவை...”

“சொல்லாம இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன்,” என்றார் பார்னபஸ். கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. அதுதான் ஹில்டாவால் தாங்க முடியாமல் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறை காலியானது. ஜூனிட்டா காகிதத்தை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“டீச்சர், நான் தப்பா எழுதிட்டேனா?”

“இல்லம்மா. ரொம்ப நல்லா எழுதியிருக்க. பதினஞ்சுக்குப் பதினாலு போடுவேன்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழுதாள். ஒரு நாளும் ஒரு மத்தியானமும் அழாததையெல்லாம் சேர்த்து, அந்தப் பெண்ணின் சீருடைத் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

துறைமுகம் யாருடைய குலத்து நிலமும் இல்லை. அங்கே போவதை யாரும் தடுக்க முடியாது. தனியாக நடந்து போனாள். கொப்பரை மூட்டைகளை அடுக்கிவைத்திருந்த இடத்தில், கப்பலிலிருந்து கண்ணுக்குப் படாதபடி ஒதுங்கி நின்றுகொண்டாள். மேல்தளத்தில் பெட்டியை நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். கிளெமென்ட்டோடு வேலை செய்தவர்கள்தான் வடத்தை அவிழ்த்துவிட்டார்கள். கப்பல் மெதுவாகக் கரையைவிட்டு விலகியது.

தளத்தில் ஊருக்குப் போகிற ஜனம் பார்னபஸைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு கிழவர் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். பார்னபஸ் எழுந்து நின்றார். என்ன பேசினார் என்று எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர் கை தெரிந்தது. முகத்துக்கு நேரே விசிறிக் காட்டினார், கண்ணைக் கசக்கிக் காட்டினார். பிறகு மண்வெட்டி பிடிக்கிறவன்போல இரண்டு கையையும் சேர்த்துவைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கிழவர் பெட்டியின்மேல் கையை வைத்தார்.

பிறகு பார்னபஸ் கரைப்பக்கம் விரலை நீட்டினார். ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்; தேடினார்கள்.

ஹில்டா மூட்டைகளின் மறைவிலிருந்து வெளியே வந்து, வெயிலில், அவர்களுக்குத் தெரியும்படி நின்றாள்.