அமல்ராஜ் பந்தை விடவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஜீப்பின் முன்சீட்டில். கம்பத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அது. ஓட்டியவர் அமல்ராஜ். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, தான் ஒரு கோல்கீப்பர் என்றும், சட்டம் ஒன்று மாறியதில் தன் கிளப்பே இல்லாமல் போகப் பார்த்தது என்றும் சொன்னார். கதையாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரிகள் இவை:

மேற்கு மலையின் அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த அழகிய… (வேண்டாம். சுற்றுலாக் கையேடு.)

கால்பந்து என்பது வாழ்க்கையைப் போல… (இது அதைவிட மோசம்.)

அமல்ராஜுக்கு முப்பத்தெட்டு வயது. பந்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். (இருக்கட்டும்.)

கவனித்திருப்பீர்கள், 'அவர்' 'அவன்' ஆகிவிட்டார். ஜீப்பில் அவர், மைதானத்தில் அவன். நெருங்கிப் போய்ப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2

அணியின் பெயர் பன்னீர் எஃப்சி. ஊரில் விளையும் பன்னீர் திராட்சையை நினைத்து வைத்த பெயர். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தோட்ட வேலைக்காரர்கள். ஞாயிறு காலை மருந்தடித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் பூட்ஸ் மாட்டுவார்கள். முதல் அரைமணி நேரம் புலி. அதற்குப் பிறகு மூச்சு வாங்கும். தடுப்பாட்டக்காரர் மரிய ஜோசப்புக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட அணி ஆறு வருஷமாகப் பள்ளத்தாக்கு லீக்கின் முதல் டிவிஷனில் நிலைத்ததற்கு ஒரே காரணம் அமல்ராஜ். பந்தைப் பிடித்ததும் அதன்மேல் படுத்துவிடுவான். மெதுவாக எழுவான். முழங்கால் மண்ணைத் தட்டுவான். சிலுவை போட்டுக்கொள்வான். இருபது நொடி ஓடியிருக்கும். அதற்குள் பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கோல் போட்டுவிட்டு மிச்ச நேரத்தை அவன் கையில் கொடுப்பதுதான் அணியின் மொத்தத் திட்டமும்.

(இங்கே அவன் மனசைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்தேன். அதில் உருப்படியாக இருந்தது ஒரு வரிதான்: விடிகாலை ஐந்தரையிலிருந்து பொழுது சாயும்வரை யாராவது அவனை விரட்டிக்கொண்டே இருப்பார்கள், பந்து கையில் இருக்கும்போது மட்டும் யாராலும் விரட்ட முடியாது.)

3

சட்டம் பற்றிக் கொஞ்சம். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

கீப்பர் ஆறு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று முன்பும் இருந்தது. மீறினால் கோலுக்குப் பக்கத்திலேயே எதிரணிக்கு ஃப்ரீ கிக். தண்டனை ரொம்பப் பெரிசு என்பதால் எந்த ரெஃப்ரியும் விசில் ஊத மாட்டார். 2025இல் மாற்றினார்கள். இப்போது எட்டு நொடி. கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி, விரல் மடக்கி எண்ணிக் காட்டுவார். மீறினால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து ஒரு உதை. தண்டனை சிறிசாகிவிட்டதால் எல்லாரும் தாராளமாக விசில் ஊதத் தொடங்கினார்கள்.

அமல்ராஜுக்கு எதிராக முதலில் விரல் மடக்கியது பெனிஷா. தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறாள், பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, போன வருஷம்தான் ரெஃப்ரி தேர்வில் தேறினாள். அமல்ராஜின் மனைவி கிளாராவுக்குக் கூடப்பிறந்த தங்கை.

அந்த ஒரே ஆட்டத்தில் மூன்று கார்னர். மூன்றாவதில் கோல். அடுத்த ஆட்டங்களில் வேறு ரெஃப்ரிகள், அதே விரல்கள். அமல்ராஜ் அவசரப்பட்டு உதைத்தால் பந்து எதிரணிக்குப் போனது, உதைக்காவிட்டால் கார்னர். நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வி. எழுபதாவது நிமிடத்தில் ஜோசப் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார். கிளப் தலைவர் கருத்தக்கண்ணன் கூட்டம் போட்டு, பெரியகுளத்தில் ஒரு கீப்பர் சும்மா இருப்பதாகச் சொன்னார். இன்னும் இரண்டு ஆட்டம் பார்க்கலாம் என்று ஜோசப்தான் கேட்டு வாங்கினார்.

4

கிளாரா தங்கையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு ஊற்றும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தாள். பெனிஷா கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து மச்சான் முன்னால் வைத்தாள்.

"அச்சடிச்சதை யாரும் படிக்கலாம் மச்சான், நீங்களும் படிங்க. அதுக்கு மேல என்கிட்டக் கேக்காதீக. ஞாயித்துக்கெழமை நான் யாருக்கும் கொழுந்தியா இல்ல."

அமல்ராஜ் ஒரு வாரம் படித்தான். தோட்டத்தில் வேலை முடிந்து ஆட்கள் வரும்வரை ஜீப்பிலேயே உட்கார்ந்து படித்தான். ஒரு வரியில் கண் நின்றது. பந்து கையில் இருந்தால்தான் எட்டு நொடி. காலடியில் இருந்தால் கணக்கே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தி, மேலே பூட்ஸை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். எதிரணி ஆள் நாற்பது அடி ஓடிவந்தான். கிட்டே வந்ததும் அமல்ராஜ் குனிந்து பந்தைக் கையில் எடுத்தான். எட்டு நொடி அப்போதுதான் தொடங்கியது. இப்போது மூச்சு வாங்கியது எதிரணிக்கு. அடுத்த ஏழு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, மூன்று டிரா. பெரியகுளத்துக் கீப்பரைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

5

கடைசி ஆட்டம் உத்தமபாளையம் அணியோடு. டிரா செய்தால் தப்பிக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அந்த ஆட்டங்கள் வேலைநாளில் நடக்கும். வேலைநாளில் இவர்களில் நான்கு பேர்கூட வர முடியாது. கிளப்பைக் கலைக்க வேண்டியதுதான். மதுரையிலிருந்து வரவேண்டிய ரெஃப்ரிக்குக் காய்ச்சல். பெனிஷா வந்தாள். இரு அணிகளிடமும் தன் உறவைச் சொல்லிவிட்டுத்தான் விசிலை எடுத்தாள்.

எண்பத்தெட்டாவது நிமிடம். பன்னீர் எஃப்சி ஒரு கோல் முன்னால். உயரமாக வந்த பந்தை அமல்ராஜ் எம்பிப் பிடித்தான். இறங்கிப் பார்த்தால், ஜோசப் கால் இழுத்துக்கொண்டு புல்லில் கிடக்கிறார். பெனிஷாவின் கை உயர்ந்தது. ஐந்து. நான்கு. ஜோசப் எழ முயன்று உட்கார்ந்தார். மூன்று. பந்தை விடச் சொல்லிக் கருத்தக்கண்ணன் கத்தினார். இரண்டு. அமல்ராஜ் பெனிஷாவைப் பார்த்தான். ஒன்று.

அவன் விடவில்லை. அவள் விசில் ஊதினாள்.

கார்னருக்காக ஆட்டம் நின்ற அந்த இடைவெளியில் ஜோசப் எழுந்து தன் இடத்துக்கு வந்துவிட்டார். இங்கே கதையை முடித்திருந்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் பந்து வந்தபோது ஜோசப் துள்ளவில்லை; அவர் மறித்து நின்ற எதிரணி ஆள் துள்ளினான். கோல். ஒன்றுக்கு ஒன்று.

மிச்ச நிமிடங்களில் பந்து ஒருமுறை கம்பத்தில் பட்டு (ஊரில் அல்ல, கோல் கம்பத்தில்) வெளியே போனது. அவ்வளவுதான். டிரா. ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். யாரும் யாரையும் தோளில் தூக்கவில்லை. ஜோசப் மட்டும் வந்து அமல்ராஜின் கையுறையைக் கழற்றிவிட்டார்.

6

முதல் பிரதியில், நண்பனுக்காக அவன் கார்னரை ஏற்றுக்கொண்டான் என்று எழுதியிருந்தேன். கால்பந்து தெரிந்த வாசகி நதியா அதைப் படித்துவிட்டு, பந்தை வெளியே உதைத்தாலும் ஆட்டம் நின்றிருக்குமே என்று கேட்டார். அதுவரை எனக்கு அது உறைத்திருக்கவில்லை. மறுபடியும் அந்த ஜீப்பில் ஏறினேன்.

"உதைச்சிருக்கலாம்," என்றார் அமல்ராஜ். கொஞ்ச தூரம் போனபிறகு, "விடத் தோணல," என்றார்.

ஜோசப்புக்காகவா என்று கேட்டேன். அது எனக்கே தெரியாது என்றார். ஆகவே மேலே 'அவன் விடவில்லை' என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

7

முடிவு. ஆட்டம் முடிந்தபோது பெனிஷாவுக்குத் தேனி பஸ் போய்விட்டது. அமல்ராஜ் ஜீப்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினான். அவள் முன்சீட்டில் ஏறினாள். வழக்கமாக ஒரு மணி நேரம்கூட ஆகாத பாதை. அன்றைக்கு இரண்டு மணி நேரம்.

வழியில் என்ன பேசினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை என்றார். பெனிஷாவிடம் கேட்டேன்.

"மச்சான் அம்புட்டுப் பேசி நான் பார்த்ததில்ல," என்றாள்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. நான் அந்த வண்டியில் இல்லை. ஜீப் மெதுவாகத்தான் போனது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. அதை மாற்றாமல், உள்ளே நடந்ததை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.