அக்கா கேட்ட கேள்வி

இப்போது டிவியில் போட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் அந்தக் காதல் படம், வந்த புதிதில் ஊரையே அழவைத்தது. அதற்கு வசனம் எழுதியவனுக்கு ஒரே ஒரு அக்கா. படத்துக்கு இரண்டு வருடம் முன்பு, முப்பத்தோரு வயதில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

கடைசி நாள் அவன் கால்மாட்டில் நின்றிருந்தான். அக்கா தன் கணவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "பொத்தான் பிஞ்சா தைச்சுக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அத்தான் தலையாட்டினார். பொய்தான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

கதாநாயகி சாகும் காட்சிக்கு அவன் எதை எழுதினாலும் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். ஆறு தடவை கிழித்துப் போட்டபின், வேறு வழியில்லாமல் அக்கா கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தான்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பத்திரிகைகள் 'ஒப்பாரி' என்று கிண்டலடித்தன. ஜனங்களோ அழுது முடித்துவிட்டு மறுநாளும் வரிசையில் நின்றார்கள். நூல்கண்டு விளம்பரத்தில்கூட அந்த வசனம் வந்தது.

அத்தான் படத்தில் அந்தக் காட்சி வந்ததும் எழுந்து போனவர், பிறகு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் மாதம் அவனே தேடிப்போனான். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கோவமா அத்தான்?"

"கோவம் என்ன கோவம்! எங்க போஸ்டாபீஸ்ல எவனாவது பொத்தான் இல்லாம வந்தா போதும், மொத்தப் பேரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நானும் சேந்து சிரிக்கிறேன்."

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா எழுதிக்கோன்னுதான் சொல்லியிருப்பேன்." அவர் நிமிரவில்லை. "அவ பேசினதுல முக்கால்வாசி மறந்துபோச்சு மாப்ள. அது ஒண்ணுதான் அவ குரலோடவே இருந்துச்சு. இப்ப நெனச்சா அந்த நடிகை குரல்தான் வருது."

"அக்கா குரல் கொஞ்சம் கட்டையா..." என்று ஆரம்பித்தான்.

அத்தான் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "எங்கே, அவ உன்னைக் கூப்பிடுற மாதிரி ஒரு தடவை கூப்பிடு பாப்போம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தான். வாயைத் திறந்தான். அக்கா குரல் வரவில்லை.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "சரி விடு, சாப்பிட்டுட்டுப் போ" என்றார் அத்தான்.

அந்த வாரம் படத்துக்கு நூறாவது நாள் விழா. வசனகர்த்தாவின் பெயரை மேடையில் இரண்டு முறை அழைத்தார்கள். அவன் போகவே இல்லை.