உயிரோடு வைத்த கருமாதி

என் தம்பி கலையரசனுக்கு நாங்கள் கருமாதி செய்து ஆறு வருடம் ஆகிறது. ஆள் திருச்சி ஜெயிலில் உயிரோடுதான் இருக்கிறான். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், காய்ச்சல் வந்தால் மாத்திரை போடுகிறான். ஆனாலும் எங்கள் ஊரைப் பொறுத்தவரை அவன் செத்தவன். வைக்கோலில் ஆள் கட்டி, அவன் சட்டையையே மாட்டி, சுடுகாட்டில் கொளுத்தினார்கள். பெரியப்பா வீரமுத்து குடம் உடைத்தார். பதினாறாம் நாள் பங்காளிகள் மொட்டை போட்டுக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதுகூட என் காதில் விழுந்தது.

அதைச் செய்யாவிட்டால் நாங்கள் ஊரில் இருந்திருக்க முடியாது. ஆலத்தியூர் பக்கம் எங்கள் ஊர். அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மறுநாள், தெருக்குழாயில் அம்மா வைத்த குடத்தை எட்டி உதைத்தார்கள். அப்பா இல்லாத வீடு, கேட்க நாதி இல்லை. "அவன் உங்களுக்குச் செத்துட்டான்னு ஊரறியக் காட்டுங்க. அப்பறம் தாராளமா இருங்க" என்றார்கள். அம்மா உண்ணாமலை தலையை ஆட்டினாள்.

ஊர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். ஆனால் அவன் செய்தது அப்படிப்பட்டது. மாரியம்மன் திருவிழா அன்று, எதிர்த்தெரு வெற்றிச்செல்வியின் மகள் சிந்துவை ஐஸ் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனான். ஆறு வயசுப் பிள்ளை. அவனை வாய் நிறைய மாமா என்று கூப்பிடும். போனில் சீட்டாடித் தோற்றிருந்தவனுக்கு அவள் தோடும் செயினும்தான் வேண்டும். கழற்றிக்கொண்டு விட்டிருக்கலாம். பாவி, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் அவளைத் தள்ளிவிட்டான். மறுநாள் பகலெல்லாம் ஊரோடு சேர்ந்து அவனும் சிந்து, சிந்து என்று கூப்பிட்டுத் தேடினான். மயங்கி விழுந்த வெற்றிச்செல்விக்குச் சோடா உடைத்துக் கொடுத்தான். கொன்றதைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தச் சோடாவை என்னால் மன்னிக்க முடியாது.

தோடு அடகுக்கடையில் பிடிபட்டது. கீழே கிடந்ததை எடுத்தேன், கொலை நான் செய்யவில்லை என்றே கடைசிவரை சாதித்தான். கோர்ட்டு நம்பவில்லை. தூக்கு என்று தீர்ப்பானது. ஹைகோர்ட்டில் அப்பீலுக்கு மேகலா என்று ஒரு வக்கீலம்மா, காசு வாங்காமல் வாதாட வந்தார்.

நான் பெரம்பலூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அவர் போன் வந்தது.

"ஜெயசுதா, வர்ற வியாழக்கிழம உங்க ஊருக்கு நன்னடத்தை அலுவலர் ஒருத்தர் வர்றாரு. கோர்ட்டுதான் அனுப்புது. அவன் திருந்தக்கூடியவனா, அவன ஏத்துக்க ஆள் இருக்கான்னு விசாரிச்சு ரிப்போர்ட் குடுப்பாரு. உசிரு அந்த ரிப்போர்ட்டுலதான் இருக்கு. ஆனா அரசு வக்கீல் கோர்ட்டுல என்ன சொன்னாரு தெரியுமா? பெத்த தாயே கருமாதி பண்ணியாச்சு, இனிமே இவன் யாருக்காகத் திருந்தணும்னு கேட்டாரு. ஜட்ஜ் அதக் குறிச்சுக்கிட்டாரு."

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. கண்ணால பாத்த சாட்சி யாரும் இல்ல. அவன் செய்யலன்னும் வாதாடறேன், செஞ்சிருந்தாலும் தூக்கு வேணாம்னும் வாதாடறேன். அதனால அந்த நாளப் பத்தி அவன் வாயத் தெறக்கவே கூடாது, உங்ககிட்டகூட. ஒத்துக்கிட்டான்னு தெரிஞ்சா பாதி கேஸ் அங்கயே போச்சு."

செய்யாதவன் எதற்குத் திருந்த வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா நேராகப் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, வச்ச கருமாதிய எடுத்துருங்க."

"எடுக்கறதுக்கு அது என்ன காயப்போட்ட துணியா, உண்ணாமல?" என்றார் பெரியப்பா. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். வீட்டில் கல்யாணத்துக்குப் பேத்திகள் இருக்கிறார்கள். "வெற்றிச்செல்வி வூட்டுக்காக ஊரே கூடிச் செஞ்சது. அவ வாயால சரின்னு சொல்லட்டும். பங்காளிங்க அத்தன பேரும் ஆபீசர் முன்னாடி வந்து, அவன் எங்க புள்ளதான்னு சொல்றோம். அவ சொல்லாம ஒருத்தனும் வரமாட்டான்."

வெற்றிச்செல்வியும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நாங்கள் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் லாரிக்குப் போயிருந்தான். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவள் காலில் விழுந்தாள். தாய் வயதுக்காரி தன் காலில் விழுந்தும் வெற்றி காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எந்திரிங்க பெரியம்மா. எல்லாம் கேள்விப்பட்டேன். அவனுக்கு வச்சத எடுத்துரலாம். எஞ்சிந்துவுக்கு நான் வச்சத எப்புடி எடுக்கறது? அதயும் பெரியவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

அதற்கு மேல் அங்கே நிற்க எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அம்மாவைத் தூக்கி நிறுத்தி வாசலைத் தாண்டிவிட்டேன். பின்னால் இருந்து கூப்பிட்டாள்.

"ஜெயா, நில்லு. கோர்ட்டுல எம்மூஞ்சியப் பாத்துச் செய்யலன்னான். ஆறு வருசமா அதே பொய். எம்புள்ள கடைசியா என்ன சொன்னா? அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனத் தூக்குல போட்டா அதுவும் அவனோட போயிரும். போய்க் கேட்டுட்டு வா. நெசத்தச் சொன்னான்னா ஆபீசர் முன்னாடி நானே வந்து நிக்கறேன். பொய்ன்னா எனக்குத் தெரிஞ்சுரும். நான் பெத்தவ."

மறுநாள் விடிந்ததும் திருச்சிக்குப் பஸ் ஏறினோம். பாடாலூர் தாண்டியதும் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவன்கிட்ட கேக்க வேணாம்டி. வக்கீலம்மா வேணாங்குதுல்ல? அம்மான்னு கூப்புட்டுச்சுன்னு நாமளே ஒண்ணு சொல்லிருவோம். எந்தப் புள்ளயும் அப்புடித்தான கூப்புடும்."

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். பஸ் என்றும் பாராமல் திட்டிவிட்டேன். ஆனால் எனக்கும் அதே யோசனை முந்தின நாள் ராத்திரியே வந்திருந்தது.

மனு போட்டுக் காத்திருந்தபோது வார்டர் ஒருவர் தானாக வந்து பேசினார். பக்கவாதம் வந்த கிழட்டுக் கைதி ஒருவரைக் கலைதான் குளிப்பாட்டுகிறானாம், மலஜலம் எடுக்கிறானாம், யாரும் சொல்லாமலே செய்கிறானாம். அம்மா கும்பிட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிழவனைக் கழுவிவிட்டால் சிந்து வந்துவிடுவாளா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு ரிசீவர்தான். நான் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் வெற்றி கேட்டதைக் கேட்டேன்.

"வக்கீலம்மா வாயத் தெறக்காதன்னுச்சுக்கா."

"தெரியும்."

"சொன்னா எனக்குத் தூக்குதான்."

"அதுவும் தெரியும். நான் கேக்கலடா. வெற்றி கேக்குது."

குனிந்துகொண்டான். பிறகு பேசினான். "தோட்டக் கழட்டுனப்ப அழவேயில்ல. 'அம்மாகிட்ட சொல்லமாட்டேன் மாமா. தொலஞ்சு போச்சுன்னு சொல்லிர்றேன். இருட்டா இருக்கு, என்னைத் தூக்கிக்க'ன்னுச்சு. ரெண்டு கையயும் நீட்டுச்சு. நான் நம்பலக்கா. வூட்டுக்குப் போனதும் சொல்லிரும்னு நெனச்சேன். தூக்குனேன். தூக்கித்தான்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கண்ணாடியை உடைத்து அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. அதே நேரத்தில், ஆறு வருடத்தில் முதல்முறையாக, எதிரே உட்கார்ந்திருப்பது யாரோ என்று தோன்றவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? ரிசீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"மாத்தாம சொல்லுக்கா. கூட்டிக் கொறச்சுச் சொல்லாத. அது சொன்னத அப்புடியே சொல்லு."

அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சொன்னேன். ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க, பெற்றவள் என் காலைப் பிடித்துவிட்டாள்.

"இதப் போயி அவகிட்ட சொன்னா அவளே கயித்தத் தூக்கிட்டுப் போவா. சொல்லாதடி. என் வயித்துல பொறந்ததுங்க ரெண்டுதான். ஒண்ணக் கொன்னுட்டு வந்து நிக்காத."

காலை உருவிக்கொண்டேன். பொய் சொல்லிக் காப்பாற்றினால் சோடா உடைத்துக் கொடுத்தவனைத்தானே காப்பாற்றுகிறேன்? இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விளங்குகிற நிலையில் அவள் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் வெற்றியிடம் போனேன். நின்றபடியே சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. கையை நீட்டியதையும் சொன்னேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்லியிருக்க மாட்டா, ஜெயா" என்றாள். "அதுக்கு முந்தின வருசம் எங்கொலுச அவங்கப்பன் எடுத்துட்டுப் போயி வித்துட்டாரு. இவ பாத்துக்கிட்டே இருந்துருக்கா. அம்மாகிட்ட சொல்லாதன்னாராம். நான் அடிச்சுக்கூடக் கேட்டேன். அடி வாங்கிட்டு நின்னாளே தவுர, சொல்லல. இவன் விட்டிருந்தா இவனயும் சொல்லியிருக்க மாட்டா."

எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். நான் நகரவில்லை. கை ஓய்ந்ததும் என் தோளிலேயே தலையை வைத்துக்கொண்டு அலறினாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நானும் அழுதேன்.

வியாழக்கிழமை அலுவலர் வந்தார். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பங்காளிகள் ரேஷன் கடை ஓரமாகவே நின்றார்கள். வெற்றி தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"எங்க புள்ளதான் சார். வந்தா நாங்க பாத்துக்குவோம்" என்றார் பெரியப்பா. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

அலுவலர் வெற்றியிடம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லையாம்மா?"

"இருக்கு சார். அவன் செத்தாலும் எனக்கு ஆறாது, இருந்தாலும் ஆறாது. அவன் திருந்துனானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆறு வருசமாப் பொய் சொன்னவன் நேத்து நெசத்தச் சொல்லிட்டான். தனக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சே சொல்லிருக்கான். அத எழுதிக்குங்க."

அலுவலரின் பேனா நின்றது. "நெசம்னா? செஞ்சத ஒத்துக்கிட்டாரா? யாருகிட்ட?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் அம்மா இரண்டு கையையும் குவித்து, இல்லை என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றால் வக்கீலம்மாவின் பாதி கேஸ் என் வாயாலேயே போய்விடும். மீதிப் பாதியில் அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாது. இல்லை என்றால் வெற்றியைப் பொய்க்காரி ஆக்க வேண்டும், அவன் சொன்னதையும் சொல்லாததாக்க வேண்டும். வெற்றி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டதான் சார்" என்றேன். "எந்தம்பி எங்கிட்டதான் சொன்னான்."