காக்கை சாப்பிட்ட பிறகு

நாய் என்றால் எனக்கு ஆகாது. கடித்துவிடும் என்ற பயமில்லை. அதன் ஈர மூக்கு சேலையில் பட்டுவிட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுத் தேய்க்க வேண்டும். எங்கள் மார்க்கம் அப்படி. மண்டபத்தில் சித்திரை மாதம் குடிக்கிற தண்ணீருக்கே நாய் படாத பாடு. இந்த லட்சணத்தில் என் வீட்டுக்கு நேர் எதிரேதான் சண்முகவள்ளி நாய் விடுதி நடத்தினாள்.

விடுதி என்று கேலியாகச் சொல்வது நான்தான். பனைமட்டை அடைத்த ஒரு கொட்டகை, உள்ளே நாலு தடுப்பு, நாய்க்கொரு அலுமினியத் தட்டு. அவ்வளவுதான். கோடை லீவுக்குக் கண்டி, நுவரெலியா என்று போகிற வசதியானவர்கள் கப்பலுக்குப் போகிற போட் மெயில் ரயிலில் இந்த வழியாகத்தான் வருவார்கள். நாயையும் கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதென்றால் ஆயிரத்தெட்டுக் கெடுபிடி. ஒரு வருஷம் யாரோ புருஷனும் பெண்டாட்டியும் நாயைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டேஷனுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த வள்ளி, "எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுறேன்" என்று சங்கிலியை வாங்கிக்கொண்டாள். அவர்கள் திரும்பி வந்தபோது நாய் கொழுகொழுவென்று இருந்தது. பேச்சு பரவிவிட்டது. அதற்குப் பிறகு கோடை வந்தால் எதிர்வீட்டில் ஒரே குரைப்புதான். நான் தொழுகையில் நிற்கிற நேரம் பார்த்துத்தான் அங்கே நாலுக்கும் சண்டை வரும். முடித்துவிட்டு வந்து வாசலில் நின்று திட்டுவேன். அவள் சிரிப்பாள்.

"உனக்கு வேற பொழப்பே கெடைக்கலியாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விட்டுட்டுப் போறவுக எல்லாரும் திரும்பி வாராகள்ல, ராத்தா. அதப் பாக்கத்தான்" என்றாள். அக்காவை ராத்தா என்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் ஜுனைதா. வாயாடி என்று பெயர் எடுத்தவள். அன்றைக்குத் திட்டாமலே வீட்டுக்குள் போனேன்.

அவள் புருஷன் சோணைமுத்து தோணியில் வேலை பார்த்தவன். ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போன தோணி ஐப்பசிப் புயலில் கவிழ்ந்து அப்போது நாலு வருஷமாகியிருந்தது. கூடப் போனவர்களில் சிலர் உயிரோடு கரை சேர்ந்தார்கள், சிலர் பிணமாக ஒதுங்கினார்கள். சோணைமுத்து இரண்டிலும் இல்லை. மன்னாரில் பார்த்தேன் என்று எவனோ ஒருவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வள்ளி தாலியும் குங்குமமுமாக இருந்தாள்.

அவன் அக்கா இராமலட்சுமி அமாவாசைக்கு அமாவாசை மாரியூரிலிருந்து வந்து நிற்பாள். தம்பியை நினைத்துக் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. வைத்தால் அவன் செத்துப்போனான் என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது வள்ளியின் கட்சி. ஊரில் இந்து வீடுகளில் எல்லாம் தினமும் சோறு வடித்ததும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். வள்ளி அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டாள். சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தாலே கல்லைத் தேடுவாள்.

அந்த வருஷக் கோடையில்தான் டைகர் வந்தது. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பிள்ளை வீட்டு நாய். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையத்து நாய், இடுப்பளவு உயரம். பெயர்தான் டைகர், சாப்பாடு தயிர்சோறு. சுத்த சைவம். "மீன் வாசமே இவனுக்கு ஆகாது. மத்தியானம் தயிர்சாதம், ராத்திரி பால்சாதம். தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் சம்சாரமான அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கப்பலுக்குப் போனாள்.

தங்கமான பிள்ளை அன்று சாப்பிடவில்லை. புது இடம், ஏக்கம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள் வள்ளி. மறுநாளும் தட்டு அப்படியே இருந்தது. தண்ணீரை மட்டும் நக்கிக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும். வள்ளி எருமைத் தயிர் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். கையில் உருட்டி ஊட்டிப் பார்த்தாள். நான் கெட்ட யோசனை ஒன்று சொன்னேன்.

"சைவமாவது ஒண்ணாவது! நெத்திலிய வறுத்துப் போடு. நம்ம ஊரு நெத்திலிய வேண்டாங்குற நாயும் இருக்கா?"

போட்டாள். டைகர் எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்துத் தடுப்பு நாய்கள் அதற்கு அடித்துக்கொண்டன. மாட்டு வைத்தியர் வந்து வாயைப் பிளந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசு வைத்தால்தான் சாப்பிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எங்களுக்கே தெரியுமே.

விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் போனவர்களை எங்கே போய்த் தேடுவது? வள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. "நம்பி விட்டுட்டுப் போனாக ராத்தா. வந்து கேட்டா என்னத்தக் காட்டுவேன்?" என்று என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாயை நினைத்தும்தான்.

அமாவாசையன்று உச்சிப்பொழுதில் இராமலட்சுமி வந்தாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஊரிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இலையைச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள்.

நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நாயாகக் கிடந்த டைகர் காதைத் தூக்கியது. எழுந்தது. கால் நடுங்க, வாலை ஆட்டிக்கொண்டு போய்த் தன் தட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்து சுவரையே பார்த்தது.

அதற்குள் வள்ளி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். இலையைத் தட்டிவிட்டாள். சோறு மண்ணில் சிதறியது.

"எம் புருசனக் கொல்லத்தான் மாசாமாசம் வாரீகளா மதினி?"

"நானா கொல்லுறேன்? கூடப் பொறந்த எனக்கு மட்டும் வலிக்காதா? பசியோட அலையுறாம்புள்ள எந்தம்பி!" என்று இராமலட்சுமி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டைகர் தட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. தெருவைக் கடந்து அவள் படலுக்கு வெளியே நின்று சொன்னேன். "அடியே, அது பட்டினி கெடக்கல, காத்துக் கெடக்கு. அந்த வீட்டுல காக்காக்கு வச்ச பெறகுதான் அதுக்குப் போட்டுருக்காக. அந்தம்மா சொல்ல மறந்துட்டாக. தெனம் செய்யுற காரியத்த யாரு எடுத்துச் சொல்லுவா?"

வள்ளி நாயைப் பார்த்தாள். பிறகு, "நான் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

"சோணைமுத்துக்கா வைக்கச் சொன்னேன்? நாய்க்குத்தானடி."

"எதுக்கு வச்சாலும் வச்சதுதான் ராத்தா. எங்கையால வச்சுட்டா, எம் மனசுக்குத் தெரிஞ்சுபோகும்."

நானே துணிந்தேன். வீட்டிலிருந்து ஒரு பிடி சோற்றைக் கொண்டுவந்து என் சுவரில் வைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, "கா... கா..." என்று கத்தினேன். என் குரலுக்கு இருந்த காக்கையும் பறந்துபோயிற்று. டைகர் மட்டும் வந்தது. படலைத் தள்ளிக்கொண்டு தள்ளாடித் தெருவைக் கடந்து நேரே என்னை நோக்கி வந்தது. நான் அல்லாஹ் என்று அலறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தேன். என் வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தது. எந்தக் காக்கையும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் மடங்கி, அந்த வெயிலில், தெரு மண்ணிலேயே சரிந்து விழுந்தது.

வள்ளி ஓடிவந்து தூக்கினாள். அவ்வளவு பெரிய நாயை ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டாள். "கனமே இல்ல ராத்தா" என்றாள். அவள் முகம் என்னவோ போல் ஆயிற்று. அதைக் கொண்டுபோய்த் தட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். உள்ளே போய்ச் சோறு எடுத்து வந்தாள். சுவரில் வைத்தாள்.

"கா..."

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். பூவரச மரத்தில் இரண்டு காக்கைகள் இருந்தன. கல்லெறி வாங்கியவை, இறங்குமா? அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. தெருப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கா... கா... வாங்க... வந்து சாப்பிடுங்க... எங்கன இருந்தாலும் வாங்க... பசியோட இருக்காதீக..."

அவள் காக்கையைக் கூப்பிடவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கதவுக்குப் பின்னால் நின்று நானும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு காக்கை இறங்கியது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொரு வாய்.

டைகர் படுத்தபடியே தலையை நீட்டித் தட்டில் வாய் வைத்தது. தயிர்சோற்றை நக்கி நக்கித் தின்றது. தின்று முடித்து வள்ளியின் கையை நக்கியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நாலு வருஷமாக அழாத அழுகையை அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அவள் குரல் கேட்கும். முதலில் காக்கை, பிறகு டைகர். டைகர் தேறிவிட்டது. என்னைக் கண்டால் வாலாட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டது. நான் எட்டவே நின்று, "அங்கனயே இரு ராசா" என்று சொல்வேன்.

ஜவுளிக்கடைப் பிள்ளையும் அந்த அம்மாளும் திரும்பி வந்தார்கள். டைகர் அந்த அம்மாளைக் கீழே தள்ளாத குறையாகப் பாய்ந்தது. வள்ளி நடந்ததைச் சொன்னபோது அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அதைச் சொல்லவே இல்லையா நான்? குட்டியிலேர்ந்து அப்படித்தானே அவனுக்கு!" வண்டி கிளம்புகிறவரை வள்ளி சிரித்துக்கொண்டுதான் நின்றாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாய்க்காகத் தொடங்கியது, நாய் போய்விட்டது. இனி இவள் பழையபடி கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்பாளோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் உலையை இறக்கியதும் போய் வாசலில் நின்றேன். கொட்டகை காலியாக இருந்தது. வள்ளி வெளியே வந்தாள், தலைக்குக் குளித்திருந்தாள். கையில் இலை. சுவரில் வைத்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். காக்கை வந்தது. அது தின்று முடித்துப் பறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவுக சாப்பிட்டாக ராத்தா" என்றாள். "நானும் போயி ரெண்டு வாய் சாப்பிடுறேன். திருச்சியிலருந்து ஒரு குட்டி வருதாம், வண்டிக்குப் போகணும்."

"வரட்டும்டி" என்றேன். "அது எப்படிச் சாப்பிடும்னு இந்தத் தடவ மறக்காமக் கேட்டுக்க."