வன்னியராஜ் மாட்டிய ஏர் ஃபில்டர்

வன்னியராஜ் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளில் ஏர் ஃபில்டர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் அதைப் பெட்டியோடு கழற்றி எறிந்திருந்தார். புழுதி உள்ளே போனால் எஞ்சின் சீக்கிரம் படுத்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தவே, சாலைக் கடைத்தெருவில் உதிரி பாகம் விற்கும் உச்சிமாகாளியிடம் போனான்.

அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, பளபளவென்று மின்னும் சின்ன வலைக்கூண்டு. மற்றது, ஸ்பாஞ்சு அடைத்த கறுப்புத் தகரப் பெட்டி.

"இழுவையும் சத்தமும் வேணும்னா இந்தக் கூண்டு. சத்தமில்லாம சமாதானம் வேணும்னா அந்தப் பெட்டி. ஆலோசிச்சு எடும், கேட்டோ?"

வன்னியராஜ் ஆலோசிக்கவில்லை. மின்னியதை எடுத்தான்.

மாலையில் மனைவி பூமாரியோடு சங்குமுகம் கடற்கரைக்குக் கிளம்பினான். கரமனையில் அண்ணன் வீட்டில் அவர்களுக்கு ஓர் அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும். வண்டி வந்த பிறகுதான் இருவரும் மனம்விட்டுப் பேச ஓர் இடம் கிடைத்திருந்தது.

ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. பின்னாலிருந்து பூமாரி ஏதோ சொன்னாள். வேகத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமா, ஆமா!" என்று கத்தினான். அவள் மறுபடியும் ஏதோ கேட்டாள். இன்னும் பலமாகத் தலையாட்டினான். கடற்கரையில் கூட்டாளிகள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டதால் பேச வாய்க்கவில்லை. ஆனால் பூமாரியின் முகம் மலர்ந்திருந்தது. வண்டி அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அவனுக்குப் பெருமை.

திங்கட்கிழமை காலையில் பூமாரி சாப்பாட்டுப் பாத்திரமும் குடையுமாக வாசலுக்கு வந்தாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?" என்றாள் மதினி மாடம்மாள்.

"கிழக்கேகோட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக்குடுக்க ஆள் கேட்டாங்கக்கா. இன்னைக்குச் சேரணும். அவுகதான் போகச் சொன்னாக."

மதினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வன்னியராஜின் கையில் டீ ஆறியது. வண்டியில் அவள் கேட்டது இதைத்தானா! அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்' என்று இழுத்திருப்போம். பூமாரியோ கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா மதினி. நான்தான் போகச் சொன்னேன்."

அவளை ஏற்றிக்கொண்டு போனவன், கரமனைப் பாலத்தருகே எஞ்சினை நிறுத்தினான்.

"பூமாரி, அன்னைக்கு நீ சொன்னது ஒண்ணுமே கேக்கல."

அவள் திடுக்கிட்டாள். "அப்ப அக்காகிட்ட நீங்கதான் போகச் சொன்னதா எப்படிச் சொன்னிய?"

"அது காதுல நல்லாக் கேட்டுத்தான் சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போகுமுன் உச்சிமாகாளியின் கடையில் நின்று, மின்னும் கூண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கறுப்புப் பெட்டியை மாட்டினான். வண்டியின் இழுவை கொஞ்சம் குறைந்துதான் போனது.

பூமாரி ஏறியதும் டைப் படிக்க வந்த பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ஆற்றுக்கால் திருப்பம் வந்தபோது அவனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

"அன்னைக்கு ரெண்டு தடவ கேட்டியே. ரெண்டாவது எதுக்கு ஆமா சொன்னேன்?"

"தனி வீடு பாக்கதுக்கு."

வண்டி தானாகவே மெதுவானது.

"சரி. எந்தப் பக்கம் பாக்கலாம்?" என்றான்.