சதுர நெருப்பு

"கையை விடாத கித்தேரியா, இன்னும் ஒரு தாண்டுதான்—"

"விடாம என்னடி, உன் வீட்டுக்காரன் கட்டையைச் சதுரமா அடுக்கி வச்சிருக்கான். சதுரம் அந்தோணியாருக்கு. இன்னிக்கு அருளப்பர் திருநாள், வட்டமால்ல—"

"குதிச்சிட்டுப் பேசேன்—"

"இந்த நெருப்புல சொன்னா செல்லாதுடி—"

கித்தேரியா கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கினாள். ஈதலீனா ஐந்து வருடம் இறங்கவில்லை. நெருப்புக்கு நேர் மேலே, ஓர் ஆள் உயரத்தில், பாவாடை நுனிகூடக் கருகாமல் நின்றாள்.

பராயிபா மாநிலத்தின் வறண்ட சீமையில் எல்லாத் தெருவிலும் உள்ள வழக்கம்தான் இது. ஜூன் மாதம் அருளப்பர் நெருப்பைக் கைகோத்து மூன்று முறை தாண்டி, ஒவ்வொரு முறையும் புனிதர்களைச் சாட்சிக்கு அழைத்தால், இரண்டு பெண்களும் சாகும்வரை கொமாத்ரி, கூடப்பிறந்ததைவிட நெருங்கிய சொந்தம். பெரிய வறட்சியில் ஈதலீனாவுக்கு மார்பு வற்றியபோது, அவள் மகள் லிந்தால்வாவுக்குப் பத்து மாதம் பால் கொடுத்தவள் அடுத்த வீட்டுக் கித்தேரியா. திருப்பிக் கொடுக்க ஈதலீனாவிடம் இந்தச் சொந்தம் ஒன்றுதான் இருந்தது. "பாலுக்கு யாரு நன்றி கேட்டா? சுரந்துச்சு, குடுத்தேன்" என்பாள் கித்தேரியா.

கணவன் அனீசியு ஏணி வைத்து இழுத்துப் பார்த்தான். ஏணிதான் மேலே எழும்பியது. அதன் பிறகு அவளுக்கு மரவள்ளி மாவும் பீன்ஸும் கழியில் கட்டி மேலே போயின. மழைக்காலத்தில் குடை போனது. லிந்தால்வா அவள் காலடியில் நின்று எழுத்துக் கற்றாள். எந்த வடிவ நெருப்பில் தொடங்கியதோ அதிலேயே முடிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். கித்தேரியா மறுத்தாள். அருளப்பர் நாளில் சதுரம் அடுக்கினால் அவர் மழையை நிறுத்திவிடுவார் என்பது அவள் பயம். "ஒருத்தி தொங்கலாம். ஊரே காயக் கூடாது."

ஐந்தாம் வருடம் மார்ச்சில், சூசையப்பர் திருநாளுக்குச் சோளம் விதைக்க வேண்டிய வாரத்தில், கித்தேரியா காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாள். மேகத்தை முதலில் கண்டது மேலே நின்றவள்தான். "அனீசியு, நம்ம நிலம் கிடக்கட்டும். கித்தேரியா நிலத்துல முதல்ல போடு" என்று கத்தினாள். அந்த மழை நான்கே நாள் பெய்தது. கித்தேரியா நிலம் விளைந்தது. ஈதலீனா நிலம் பாதிகூட முளைக்கவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கிய கித்தேரியா, தான் விதைக்காத கதிர்களுக்கு நடுவே ஒரு பகல் முழுக்க நின்றாள். ஜூன் இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம், அருளப்பர் நெருப்பு மூட்டும் நேரத்தில், தெருவே பார்த்திருக்க, தன் கையாலேயே கட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பற்றவைத்தாள். "அருளப்பரே, கோவம்னா என்மேல மட்டும் படுங்க" என்று சொல்லி, தாண்டும்போதே ஈதலீனாவின் கையை எட்டிப் பிடித்தாள். மூன்றாவது சத்தியத்தை இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

சேர்ந்தே அந்தப் பக்கம் இறங்கினார்கள். ஈதலீனாவின் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி மட்டும் நின்றுவிட்டது. செருப்புத் தேயாது என்றார்கள் தெருக்காரர்கள், அதோடு விட்டுவிட்டார்கள். மறு வருடமும் மழை வழக்கம்போல வந்தது.

இறங்கிய அன்றே கித்தேரியா நெருப்போரத்தில் வாட்டிய ஒரு கதிரை எடுத்து, சாம்பலை ஊதி நீட்டினாள்.

"தின்னு கொமாத்ரி. என் நிலத்துல உன் வீட்டுக்காரன் போட்ட சோளந்தான். இதை வாங்கிக்கிட்ட நான் என்ன சொல்லணும்னு, நீயே சொல்லிக் குடேன்."